கழுவி அடுக்கப்பட்ட மண்தட்டு

இந்தியாவில் மட்பாண்டம் வனைவோர்க்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும், மண்தட்டில் உண்டு, அதைக் கழுவி அடுக்கி, மறுநாளும் அதிலேயே உண்ணும் வழக்கம் இந்நாட்டின் பெரும்பகுதியில் வேரூன்றவில்லை. சோறு மண்பானையில் பொங்கிற்று. பரிமாறப்பட்டதோ இலையில், அல்லது வெண்கலத்தில்.

காரணம் மண்ணின் இயல்பிலும் சாதியின் இயல்பிலும் சேர்ந்தே கிடந்தது. சூளையில் குறைந்த வெப்பத்தில் வெந்த மண் நீரை உறிஞ்சும். நீரோடு எச்சிலையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது ஆசாரம். பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் தீட்டு நீங்கிவிடும். மண்ணுக்கு அந்தக் கழுவாய் மறுக்கப்பட்டது. இறப்புத் தீட்டு கழியும்போது வீட்டின் பழம்பானைகள் வெளியேற்றப்பட்டதும், வடநாட்டில் குல்ஹட் எனும் மண்குவளை ஒருமுறை வாய்வைத்தபின் உடைத்தெறியப்பட்டதும் இதன் விளைவே. 2004இல் இரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் நிலையங்களில் குல்ஹட்டை மீண்டும் கொண்டுவந்தபோது, குயவர் வருவாயும் சுற்றுச்சூழலும் நிறையவே பேசப்பட்டன. எறிந்துவிடும் பழக்கத்தின் பூர்விகம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கண்ணாடிப் பூச்சேற்றிய கலம் நீரை உறிஞ்சாது. இருந்தும் அதன்மீது அயலாரின் பொருள் என்ற ஐயம் நெடுங்காலம் படிந்திருந்தது. பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ஊறுகாய் ஜாடியாக மட்டும் அது அடுக்களையின் ஓரத்தில் இடம்பெற்றது. உண்கலமாக உள்ளே வருவது எளிதாக இருக்கவில்லை. ஆகவே இந்தியாவில் கைவனைந்த உண்கலங்களை விற்க முனைந்தவர்கள், ஆலைப் பொருளின் விலையோடு போட்டியிடுமுன் வேறொன்றைக் கடக்க வேண்டியிருந்தது.

அவர்களுள் முன்னோடி சர்தார் குருசரண் சிங். காஷ்மீரத்தவர், நிலவியல் படித்தவர். புதுதில்லி நகரம் எழுப்பப்பட்டுவந்த காலத்தில், செங்கல் ஒப்பந்ததாரரான ராம்சிங் காபுலியின் பட்டறையில் வேலை பழக வந்தார். தில்லியின் நீலப் பூச்சு மரபைக் கையில் வைத்திருந்த பட்டாணியக் கைவினைஞர் அப்துல்லா அங்கே அவருக்கு ஆசான். 1919இல் மேற்பயிற்சிக்காக ஜப்பான் சென்ற குருசரண் சிங், யனாகி சோயெட்சு, ஹமாதா ஷோஜி, ஆங்கிலேயரான பெர்னார்டு லீச் ஆகியோரைக் கொண்ட வட்டத்துடன் பழகினார். பெயர் பொறிக்காத ஊர்க் கைவினைஞர், அன்றாடப் பயனுக்கெனச் செய்யும் பொருளிலேயே உயர்ந்த அழகு வாய்க்கிறது என்பது அவ்வட்டத்தில் உருவாகிவந்த கொள்கை. மிங்கெய் என்ற பெயர் அதற்குப் பின்னாளில்தான் வந்தது.

இக்கொள்கையை வணிகமாக்கும்போது என்ன நேரும் என்பதற்கு லீச்சின் பட்டறையே சான்று. 1920இல் அவரும் ஹமாதாவும் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் அதைத் தொடங்கினர். ஆண்டுக்கணக்கில் கடன், வெடித்தும் கோணியும் போன சூளைச் சரக்கு. 1934இல் மகன் டேவிட் லீச், தந்தையின் விருப்பத்துக்கு மாறாக, ஆலைப் பீங்கானின் தலைநகரான ஸ்டோக்குக்குச் சென்று தொழில்நுட்பம் பயின்று திரும்பிய பிறகே பட்டறை நிமிர்ந்தது. ஒரே வடிவில் கிண்ணமும் தட்டும் குடுவையும், விலைப்பட்டியலோடு. சக்கரத்தில் அமர்ந்து வனைந்தவர்கள் பெரும்பாலும் பயிலுநர்களும் பணியாளர்களும். லீச்சே வனைந்த தனிக்கலங்களுக்கோ தனி விலை. பெயரற்ற கைவினைஞரைப் போற்றிய பட்டறையைப் பெயர்தான் தாங்கிநின்றது என்பதை அவரை வியப்பவர்கள் சற்று விரைவாகவே கடந்துவிடுகிறார்கள்.

1922இல் நாடு திரும்பிய குருசரண் சிங் 1952இல்தான் தில்லியில் சொந்தப் பட்டறையான தில்லி புளூ பாட்டரியை நிறுவினார். 1991இல் பத்மஸ்ரீ பெற்றார், 1995இல் மறைந்தார். மகன் மன்சிம்ரன் சிங் செயின்ட் ஐவ்ஸில் பயிற்சி பெற்றவர். அவரும் மனைவி மேரி சிங்கும் 1983இல் இமாசலத்தின் ஆந்த்ரேட்டா சிற்றூரில் தொடங்கிய பட்டறை, செம்மண் கலங்களில் குழைமண் கோலமிட்டு இன்றும் உண்கலங்கள் செய்கிறது.

இதனிடையே 1971இல், தெற்கே புதுச்சேரியில், அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியிருந்தனர். ஸ்மித் ஜப்பானில் பயின்றவர். மீக்கர் கட்டடக்கலையிலிருந்து மண்ணுக்கு வந்தவர். சுற்றுவட்டாரத் தமிழ்ப் பணியாளர்களுக்குத் தொழில் கற்பித்து, உயர்வெப்பத்தில் வெந்த கல்மண் கலங்களை அவர்கள் விற்றனர். தட்டு, கோப்பை, தேநீர்க் கூஜா என ஒவ்வொன்றும் நாளும் புழங்குவதற்கானது. அங்குக் கற்றவர்கள் வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தனர். சிலர் இந்தியாவின் பெயர்பெற்ற மட்கலைஞர்களாயினர். “பாண்டிச்சேரிப் பாட்டரி” என்பது ஒரு வகைச் சரக்கின் பெயராகவே வழங்கலாயிற்று. சுற்றிலும் முளைத்த பட்டறைகள் தாய்ப்பட்டறையின் சந்தைக்கே போட்டியாயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கற்பிப்பதை ஒரு விழுமியமாகக் கொள்ளும் தொழில் கொடுக்கும் விலை அது.

இந்த வரலாற்றில் தலைமுறை தலைமுறையாய்ச் சக்கரம் சுற்றிய குயவர் எங்கே? அவருக்குக் கைத்திறன் குறைவில்லை. ஏரிக்களிமண்ணில் இரும்பும் சுண்ணாம்பும் மிகுதி. கல்மண் கலத்துக்கு வேண்டிய 1250 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது உருகித் தொய்ந்துவிடும். தாங்கும் மண்ணை வாங்கிக் கலக்க வேண்டும். வைக்கோலும் வறட்டியும் அடுக்கி மூட்டும் திறந்த சூளை அந்த வெப்பத்தை எட்டாது; தீக்கல்லால் கட்டிய மூடிய சூளைக்கு முதல் வேண்டும். ஒரு சூளைச் சரக்கு முழுவதும் பாழானாலும் அடுத்ததை ஏற்றும் தெம்பு வேண்டும். தட்டொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கும் நகரத்தாரோடு பேசும் வாய்ப்பும் வேண்டும். படித்தவர்களும் வெளிநாட்டுப் பயிற்சி பெற்றவர்களும் இவற்றோடு வந்தார்கள். மண்ணைத் தொட்டால் அவர்களின் மதிப்பு குறையவில்லை, உயர்ந்தது. குயவர்க்கு அதே மண் சாதிப் பெயராகவே நின்றது.

புதுச்சேரியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது வில்லியனூர். அதன் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அங்கே குறைந்த வெப்பத்தில் வேகும் விளக்கும் உருவமும் உண்டாகின்றன. உண்பதற்குரிய தட்டு உயர்வெப்பச் சூளை உள்ள பட்டறைகளிலிருந்துதான் வருகிறது.