செப்பனிடுவதா, மாற்றுவதா? - செந்தூல் பட்டறை தரும் பாடம்



2016-ஆம் ஆண்டு முதல் நம் பூச்சோங் வழியாக எல்.ஆர்.டி. இரயில் ஓடுகிறது. இக்கால இரயிலில் ஒரு பாகம் கெட்டுப்போனால், அதைக் கழட்டிவிட்டு வேறொன்றை மாட்டிவிடுவார்கள். அந்தக் காலத்தில் அப்படியில்லீங்க!

கோலாலம்பூர் - கிள்ளான் இரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் பெரிய இரயில்வே பட்டறை எழுந்தது. நம் தமிழர்கள் ஏராளமானோர் அங்கே உழைத்தார்கள். 1945-இல் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்தும் அப்பட்டறை மீண்டெழுந்தது.

நீராவி இஞ்சின் பழுதுபார்க்க வந்தால், கொதிகலன் குழாய்களைப் பிடுங்கிப் புதுக்குழாய் பொருத்துவார்கள். தேய்ந்த சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிச் சீராக்குவார்கள். பேரிங்கில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி, அச்சுக்குத் தக்கபடி சுரண்டிப் பொருத்துவார்கள். இப்படி அளவு பார்த்துப் பார்த்துச் செய்ததால், ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்கு அப்படியே சேராது. வேலை முடியும்வரை வண்டி பட்டறையிலேயே கிடக்கும். ஆனால் தொழில் தொழிலாளியின் கையில் இருந்தது.

ஒரே அளவில் பாகங்கள் செய்தால் எதையும் எதிலும் மாட்டலாம் என்பது பழைய யோசனைதான். பிரான்சில் ஹொனோரே பிளான் என்பவர் 1785-லேயே துப்பாக்கிப் பாகங்களைக் கலந்து வைத்துப் பூட்டிக் காட்டினார். நம் நாட்டு இரயில்வேக்கு 1957-இல் இங்கிலாந்திலிருந்து 26 டீசல்-மின் இஞ்சின்கள் வந்தன. இத்தகைய இஞ்சினில் சக்கரத்தை ஓட்டும் மோட்டார் எரிந்துபோனால், அதை இறக்கிவிட்டுத் தயாராக இருக்கும் வேறு மோட்டாரை ஏற்றலாம். வண்டி சீக்கிரம் புறப்பட்டுவிடும். இறக்கிய மோட்டாருக்குப் பட்டறை மேசையில் நிதானமாகக் கம்பி சுற்றலாம். ஆகவே செப்பனிடும் வேலை ஒழியவில்லை. வண்டியிலிருந்து மேசைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஆபத்து எங்கே? அந்த மேசையும் போய்விடும்போதுதான். இன்றைய மின்னணுப் பெட்டிகள் பலவற்றை, வரைபடமும் கருவியும் இல்லாமல் யாரும் திறந்து சரிசெய்ய முடியாது. செய்த கம்பெனிக்கே அனுப்பவேண்டும். அப்புறம் பட்டறை வெறும் சாமான் கிடங்காகிவிடும். காசும் வெளியே போகும், கைத்தொழிலும் போய்விடும்.

பயணிகள் காத்திருக்கும்போது மாற்றுவதே சரி. மாற்றி எடுத்ததைச் செப்பனிடும் அறிவு நம்மிடம் இருக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு பம்பு வாங்கினாலும், "உதிரிப்பாகம் கிடைக்குமா? இங்கேயே பழுது பார்க்கலாமா?" என்று முதலில் கேளுங்கள்.

மாணவர்களே, மாட்டுவதை ஒரு வாரத்தில் கற்கலாம். ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கக் கணக்கும் அறிவியலும் வேண்டும். இரண்டையும் ஊன்றிப் படியுங்கள்!