சமுத்திரக் கணக்கும் சாசுவத மானியமும்

கடலை ஆராயப் புறப்படும் கப்பலுக்குப் பொருளுதவி செய்ய அரசர்களும் பிரபுக்களும் எந்தக் காலத்திலும் முன்வந்திருக்கிறார்கள். ஆராய்ந்து கண்டவற்றைச் சிதறாமல் காத்துப் பின்வருவோர் கையில் ஒப்படைக்கும் அலுவலுக்கோ, புரவலர் கிடைப்பது எந்தக் காலத்திலும் அரிதாகவே இருந்து வந்திருக்கிறது.

அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மாத்யூ மோரி, தம் நாட்குறிப்பை அனுப்பிவைக்கும் கப்பல் தலைவர்களுக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் படங்களை இலவசமாகக் கொடுத்து, ரொக்கமின்றியே இப்பணியைத் தொடங்கினார். அவர் முயற்சியால் 1853-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்துத் தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, கடலிற் காண்பதை எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் எழுதிவர வேண்டுமென்று இசைந்தார்கள். நூறாண்டு கழித்து, 1957-58 சர்வதேச பூபௌதிக ஆண்டின்போது, பரஸ்பரம் பகைத்து நின்ற அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும்கூட உலகத் தகவல் நிலையங்களைத் தத்தம் மண்ணில் நிறுவி, குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டன. 1961-இல் யுனெஸ்கோவின் சமுத்திரவியல் கமிஷன் இப்பரிமாற்றத்தை ஒரு நிரந்தரத் திட்டமாக்கியது. எனினும் இவை பெரும்பாலும் நீரின் உப்பையும் வெப்பத்தையும் பற்றியவை. கடல்வாழ் உயிர்களின் கணக்கு ஊர் ஊராய்ச் சிதறியே கிடந்தது.

அக்குறையைப் போக்கியது 2000 முதல் 2010 வரை நடந்த கடலுயிர்க் கணக்கெடுப்பு. அமெரிக்காவின் ஸ்லோன் அறக்கட்டளை முதலில் பணம் கொடுக்க, எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் 2,700 விஞ்ஞானிகள் 540 கடற்பயணங்கள் செய்தார்கள்; மொத்தச் செலவு 65 கோடி டாலர். அதன் ஏடாக ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட் கிராஸில் உருவாக்கியதே 'ஓபிஸ்' என்னும் பொதுத் தகவற்களஞ்சியம்.

இன்ன உயிர், இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, இன்ன ஆழம், இன்ன தேதி என்று ஒவ்வொரு குறிப்பும் அதில் ஒரு வரிதான். ஆயினும் மேற்குத் தீர்க்கரேகையைக் குறிக்கும் கழித்தற்குறி ஒன்று விடுபட்டுவிட்டால், அட்லாண்டிக்கின் நடுவே கண்ட திமிங்கிலம் அரேபியப் பாலைவனத்தில் நீந்தத் தொடங்கிவிடும். ஓர் உயிரின் பெயரை அறிஞர்கள் திருத்தினால், பழைய பெயரில் பதிந்த வரிகளையெல்லாம் தேடிப் பிடித்துப் புதுப் பெயரோடு இணைக்க வேண்டும். கப்பல் கரை சேர்ந்த பிறகும் ஓயாத இந்த வேலைக்கு விழாவுமில்லை, விளம்பரமுமில்லை.

பத்தாண்டுத் தவணை முடியவிருந்த நிலையில், இக்களஞ்சியத்தை இனி யார் போஷிப்பது என்ற கேள்வி எழுந்தது. 2009 ஜூன் மாதம் சமுத்திரவியல் கமிஷனின் உறுப்பு நாடுகள் அதைத் தத்தெடுத்தன. பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்தில், ஃபிளாண்டர்ஸ் அரசின் ஆதரவோடு, அதற்கு இருப்பிடம் அமைந்தது. ஆனால் 2011-இல் பாலஸ்தீனம் யுனெஸ்கோவில் சேர்க்கப்பட்டதும் அமெரிக்கா தன் சந்தாவை நிறுத்த, அந்த ஸ்தாபனத்தின் வரவில் 22 சதவீதம் ஒரேயடியாகக் குறைந்தது. மீனுக்கும் நண்டுக்கும் சம்பந்தமில்லாத அரசியலொன்று, அவற்றின் கணக்கைக் காக்கும் வீட்டின் உலையிலும் தண்ணீரை ஊற்றியது. அப்படியிருந்தும், கொச்சியிலுள்ள இந்தியக் கிளை உட்படப் பல தேசத்துக் கிளைகள் தத்தம் செலவில் உழைத்ததால், களஞ்சியம் இன்று பத்துக் கோடிக் குறிப்புகளைக் கடந்து வளர்ந்திருக்கிறது.

கோயிலில் நந்தாவிளக்கு ஏற்றிய சோழர் காலத்து அறவோர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு அகலாமல், நெய்க்கென்று ஆட்டுமந்தையையும் சேர்த்தே நிவந்தம் வைத்தார்கள். ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பொருள் ஒதுக்கும் ஒவ்வோர் அரசாங்கமும் அதே நெறியில், கண்டதைக் காப்பதற்கும் ஒரு பங்கை ஆண்டுதோறும் தன் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தனவந்தரின் தயையும் இடம் தந்த ஓர் அரசின் பரிவும் தொடங்கி வைக்கப் போதும். தொடர்ந்து நடத்தப் போதா.