பத்து முழத்துக்கு உள்ளே போகிறவர்

பழவேற்காட்டுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள் :-) நம்ம ஏரிக்கரை ஊர்களில் படகு உண்டு, வலை உண்டு, குதிரைக்கு வேலை இல்லை. ஆனால் பழவேற்காடு ஒரு காலத்தில் விஜயநகரப் பேரரசின் பெரிய துறைமுகம். இங்கிருந்து துணி கப்பல் ஏறியது. அதே பேரரசின் படைக்கு வேண்டிய குதிரைகள் மேற்குக் கரையில் பட்கல், கோவா பக்கம் வந்து இறங்கின. அந்தக் குதிரைகளைப் பிடித்துக் கட்டியவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

குதிரையிடம் அடிபடாமல் இருக்க நீதிவெண்பா ஒரு கணக்கு சொல்கிறது. கொம்புள்ள மிருகத்துக்கு 5 முழம், குதிரைக்கு 10 முழம், யானைக்கு 1000 முழம் தள்ளி நிற்க வேண்டும். 10 முழம் என்றால் சுமார் 15 அடி. அவ்வளவு தூரத்துக்கு எந்த உதையும் எட்டாது. சரி, தெருவில் போகிறவர் விலகிப் போகலாம். லாயத்தில் தீனி வைப்பவர் எப்படி விலகுவார்?

அவருக்காக வந்ததுதான் கயிறு. தலையை முன்பக்க முளையில் கட்டுவது அகாடி. பின்னங்கால்களைப் பின்பக்க முளையில் கட்டுவது பிச்சாடி. வெள்ளைக்காரர்களின் இந்தியக் குதிரைப்படையும் இதே முறையை வைத்திருந்தது. ஆனால் குதிரை மிரண்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், அந்த முளையே ஆளை அடிக்கும்!

கயிறு மட்டும் போதாது, குதிரையின் பார்வையும் தெரிய வேண்டும். அதன் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது. அதனால் குரல் கொடுத்தபடி, தோள் பக்கமாகத்தான் போக வேண்டும். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை இழுத்தால் விரல் போய்விடும். வலை இழுக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஒரு காமர்ஸ் கணக்கு. 1290களில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பாண்டியர்கள் ஆண்டுக்கு 2000க்கும் மேல் குதிரை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார். 1530களில் எழுதிய போர்த்துகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சாளுவ நரசிம்மர் கடலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுத்தாராம். வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும்!

நாம் படிக்கும் இன்சூரன்ஸ் பாடம் மாதிரியே இல்லையா? சரக்கு அழிந்தால் நஷ்டஈடு, அதற்கு அத்தாட்சி வால். சரக்கைக் கையில் பிடித்திருந்த ஆள் உதைபட்டால், அவர் எந்த வாலைக் காட்டுவார்?

வேலை ஆபத்தானது என்றால் தள்ளி நில் என்று சொல்வது சுலபம். தள்ளி நிற்க முடியாதவருக்கு நல்ல கயிறு, கற்றுக்கொள்ள நேரம், அடிபட்டால் கூலி, இந்த மூன்றும் வேண்டும். குதிரைக்கு மட்டுமா, கடலுக்குப் போகிறவருக்கும் அதேதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?