கோரல் ஆலையும் ஞாயிற்றுக்கிழமையும்

தூத்துக்குடி நகரின் வடபால் கடலோரத்தே அமைந்தது திரேஸ்புரம். மீன்பிடிப்போரும் சங்கு குளிப்போரும் வாழும் பகுதி அது. ஆங்கிலேயர் காலத்தில் இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, குளியாளின் வேலைநேரத்தைக் காற்றே வகுத்தது எனலாம். நள்ளிரவில் கரைக்காற்றோடு புறப்பட்ட தோணிகள் பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பின. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்திற்கு; எஞ்சிய ஒரு பங்கே குளித்தவர்க்கும் தோணிக்கும். தொழில் கடியதுதான், உயிருக்கு ஆபத்தும் உண்டு. எனினும் ஒரு நாள் உழைப்புக்கு ஓர் எல்லை இருந்தது.

அதே ஊரில் பஞ்சாலை எழுந்தபோது அவ்வெல்லை மறைந்தது. இயந்திரத்திற்குக் காற்றும் ஒன்றே, கதிரவனும் ஒன்றே. ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலையில் கூலியோ குறைவு, வேலைநேரமோ நீண்டது. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு, வார ஓய்வு, விடுமுறை வசதிகள் ஆகியவையே.

கூலியின்றிப் பட்டினி கிடப்போர் எத்தனை நாள் நிற்க இயலும்? இங்கேதான் ஊர் துணைக்கு வந்தது. வணிகரும் வழக்கறிஞரும் பொருள் உதவினர். சிலருக்குப் பிள்ளையவர்கள் வேறு வேலை தேடித் தந்தார். போராட்டத்தைப் பழித்த ஒருவருக்கு முகச்சவரத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு நாவிதர் எழுந்துவிட்டாராம்! இக்கதையை அவ்வூரார் இன்றும் சுவைத்துச் சொல்லுவர்.

மார்ச் 6ஆம் நாள் ஆலையார் இணங்கி வந்தனர். தொழிலாளர் ஐம்பதின்மரோடு பிள்ளையவர்கள் சென்று பேசினார். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வுநாள் ஆயிற்று. ஒன்பது நாளில் இது முடிந்தது என்பது வியப்பே. களைத்த கை நூலை அறுக்கும் என்பதை ஆலையார் தாமே முன்னர் உணர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து.

சட்டம் மெல்லவே நடந்தது. நெசவாலைகளில் வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்னும் வரம்பே 1911இல்தான் வந்தது; 1922இல் அது பதினொன்றாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டமோ வாரத்திற்கு 48 மணி என வகுத்தது. சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு, பெரிய ஆலைகளில் உணவகம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றையும் விதித்தது.

வெற்றி கிட்டிய சில நாட்களில், மார்ச் 12ஆம் நாள், தலைவர்கள் கைதாயினர். ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். இம்முறை கூலிக்காக அன்று. அவர்களுக்கு ஓய்வுநாள் பெற்றுத் தந்த பிள்ளையவர்கள் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில்தான் விடுதலையானார்.