முனிர்காவும் ஒரு மதராஸிப் பள்ளியும்

முனிர்கா டிடிஏ ஃபிளாட்டில் குடியேறிய புதிது. நான் காலை ஏழு மணிக்கே பாடம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மாடிப்படியில் விளையாடுவாள், எல்லாம் இந்தியில்தான். ஒருநாள் "அப்பா, பானி" என்றாள். "தண்ணின்னு சொல்லும்மா" என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லும் வாத்தியார் வீட்டில் இப்படி!

இந்தக் கவலை நமக்கு முன்பே பலருக்கு இருந்திருக்கிறது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911-ல் அறிவித்தார்கள். சர்க்கார் உத்தியோகத்துக்குத் தென்னாட்டிலிருந்து குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஆனால் கோடை வந்தால் அரசாங்கமே சிம்லாவுக்குப் போய்விடும். அப்படியானால் பிள்ளைகளின் படிப்பு? யாரோ செய்வார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1923-ல் தாங்களே மதராஸி கல்விச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். இப்போது அதற்கு ஏழு பள்ளிகள்.

அதில் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே, அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டினால் ராமகிருஷ்ணபுரத்தில். 1946-ல் பிறந்த தமிழ்ச் சங்கமும், 1973-ல் குடமுழுக்கு கண்ட மலை மந்திரும் அதே பக்கம்தான்.

வடக்கத்தியர் நம்மை மொத்தமாக 'மதராஸி' என்றார்கள். நம்மவர்கள் அந்தப் பெயரையே பலகையில் எழுதிப் பள்ளிக்கூடம் நடத்திவிட்டார்கள்!

மறுநாளிலிருந்து தினமும் இரவு அரைமணி நேரம் அ, ஆ. வாரக் கடைசியில் மலை மந்திர். இப்போது தண்ணீர் கேட்கிறாள், தமிழில்.

உங்கள் ஊரில் எப்படி?