வெள்ளை பூத்த கறுப்பு கார்

ஒரு ஐப்பசி மழைல எங்கப்பா தன்னோட பழைய ஃபியட்டுக்கு வாசல்லயே கறுப்பு பெயின்ட் அடிச்சார். கொஞ்ச நேரத்துல சாம்பல் பூசினாப்ல வெளுத்துப்போச்சு. கலப்படச் சரக்குன்னு கடைக்காரரோட சண்டை.

நிஜக் காரணத்துக்கு நூறு வருஷம் பின்னால போகணும். அப்போ காருக்கு வார்னிஷ் வகைப் பூச்சுதான் அதிகம். பல கோட் அடிச்சு, காயவே வாரக்கணக்காகும். 1923இல் டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களுக்கு வந்தது. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அது. வெடிமருந்துக்கும் சினிமா ஃபிலிமுக்கும் சொந்தக்காரப் பொருள். வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. நம்ம பட்டறைகள்ல 'டியூகோ அடிக்கிறது'ன்னு சொல்றது அந்தப் பேர்தான்.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கு. தின்னர் சட்டுனு ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துடும். ஈரக்காற்று அதுல நீராப் படியும், பெயின்ட் வெளுக்கும். வெயில் நாளா பார்த்து, மெதுவா ஆவியாகுற தின்னரை லேசா தெளிச்சா பெரும்பாலும் சரியாகிடும். பழைய எனாமல் மேல அடிச்சு சுருங்கினா கதை வேற: தின்னர் அடிப்பூச்சையே கிளப்பிடுச்சு. அதைச் சுரண்டித்தான் எடுக்கணும்.

அப்பா அந்தக் கடைப்பக்கம் கடைசிவரை போகல. தப்பு மழையோடதுன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டப்போ, சொல்ல அவர் இல்லை. கடைக்காரர்கிட்ட மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.