தேக்கு வந்த நாடு

செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களை நாம் வியந்து நோக்குகிறோம். அத்தேக்கு வந்த நாட்டைப் போர் என்ன செய்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு பொழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கரும் தமிழரும் உயிருக்கு அஞ்சி அகன்றனர். சரக்கை இறக்க ஆளின்றிக் கப்பல்கள் நின்றன. துறைமுகம் என்பது கிடங்குகள் மட்டுமன்று, மனிதரே என்பதை அந்நாள் காட்டிற்று.

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பின்வாங்கிய ஆங்கிலேயர் ஏப்ரலில் யேனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாமே அழித்தனர். ஐராவதி மீதிருந்த ஆவா பாலத்தையும் தகர்த்தனர்.

கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அந்நாளில் நகரத்தார் கையில் இருந்தது. போர் அவர்களை அதினின்று பிரித்தது. 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டம் மீட்கும் நம்பிக்கையையும் கெடுத்தது. ஆயினும் அவ்விழப்புக்குப் பத்திரமும் பேரேடும் சான்றாயின.

கப்பலேற வழியற்ற இலட்சக்கணக்கான இந்தியரோ அரக்கான் மலைகளையும், மணிப்பூர், அசாம் எல்லைக் காடுகளையும் கால்நடையாகக் கடந்தனர். காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் பல்லாயிரவர் வழியிலேயே வீழ்ந்தனர்.

ஆவா பாலம் 1954-இல் மீண்டும் எழுந்தது. இரங்கூன் துறைமுகமும் இயங்கிற்று. காட்டில் வீழ்ந்தோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. போரின் இழப்பைக் கணக்கிடும்போது நாம் முதலில் எழுத வேண்டியது அவர்களையன்றோ?